தண்ணி வண்டி என்று பெயரெடுத்தவர்

என் கணவரைப் பற்றி விசாரிக்க அண்ணன் பஸ் டிப்போவுக்குப் போனாரே, அன்றைக்கே எங்கள் கல்யாணப் பேச்சு முறிந்திருக்க வேண்டியது. அப்போது அவர் எனக்குக் கணவர் ஆகியிருக்கவில்லை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஃபிரேம் மாற்ற வந்தவர், மாற்றிக்கொண்டு போன பிறகும் "மூக்குல கொஞ்சம் அழுத்துதுங்க" என்று சாக்குச் சொல்லித் திரும்பத் திரும்ப வந்த டிரைவர். அழுத்தவே இல்லை என்று எனக்கும் தெரியும், கடை முதலாளிக்கும் தெரியும். ஒருநாள் முதலாளியே, "தம்பி, மூக்கு நல்லாத்தான் இருக்கு, வந்த விஷயத்தைச் சொல்லிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் டிப்போ வாசலில் இருந்த காவலாளியிடம் அடையாளம் சொல்லி விசாரித்திருக்கிறார். ஒல்லியாக, உயரமாக, கண் கொஞ்சம் மஞ்சள் பூத்தது போல இருப்பாரே, அந்த டிரைவர் எப்படி என்று கேட்டிருக்கிறார்.

"அட, நம்ம தண்ணி வண்டியைக் கேக்கறீங்களா? தங்கமான மனுஷனாச்சே!"

அண்ணன் காதில் முதல் பாதிதான் ஏறியது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னார். "இந்தப் பேச்சை இதோட விடு. ஆளு மொடாக் குடிகாரன். பேரே தண்ணி வண்டியாம். டிப்போவே சிரிக்குது."

"குடிகாரனை பஸ் ஓட்ட விடுவாங்களாண்ணா?" என்றேன்.

"கண்ணும் மஞ்சளா இருக்கு. ஈரல் போயிருக்கும்."

என்னால் நம்ப முடியவில்லை. போன் போட்டு நேராகவே கேட்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. வேலை முடிந்து சாயங்காலம் காக்கிச் சட்டையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன் தொங்கியது. சாப்பாட்டு மேஜையில் அதை வைத்து, "இதுதாங்க என் தண்ணி. வண்டியில எந்நேரமும் பக்கத்துலயே இருக்கும்" என்றார். அண்ணன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அதோடும் விடாமல் ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தும் பார்த்தார். வெறும் பச்சைத் தண்ணீர்.

"இவ்வளவு தண்ணி எதுக்குங்க?" என்றார் அண்ணன், குரல் இறங்கிப் போய்.

"எனக்கு அரிவாள் செல் நோய்னு ஒண்ணு, பிறவியிலேர்ந்தே. ரத்தத்துல இருக்கற சிவப்பணு எல்லாருக்கும் வட்டமா, வழவழன்னு இருக்கும். எனக்கு அரிவாள் மாதிரி வளைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கும். மாட்டிக்கிட்ட இடத்துல உசுர் போற மாதிரி வலிக்கும். தண்ணி நிறையக் குடிச்சா மாட்டிக்கிறது குறையும். கண்ணு மஞ்சளா இருக்கறதும் அதனாலதான். ஈரல் நல்லா இருக்குங்க." கடைசி வாக்கியத்தை அண்ணனைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் நெளிந்தார்.

பிறகு என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்றார். எங்கள் மாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் ஆளுக்கொரு படியில் உட்கார்ந்தோம். மேலேயும் கீழேயும் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். யாராவது கடந்தால் நிறுத்துவார், போனதும் தொடருவார். அப்படி விட்டு விட்டுச் சொன்ன கதையைத்தான் நான் இங்கே சொல்லப் போகிறேன். சொல்லலாமா என்று அவரிடம் கேட்டேன். "சொல்லு. ஆனா மென்னு முழுங்காம சொல்லு" என்றார்.

அந்த வளைந்த அணுக்கள் கை, கால், முதுகு, மார்பு என்று எங்கே வேண்டுமானாலும் போய் அடைத்துக்கொள்ளும். ஆண்களுக்கு இன்னும் ஓர் இடத்திலும் அடைக்கும். உள்ளே போன ரத்தம் வெளியே வர முடியாமல் ஆணுறுப்பு விறைத்து அப்படியே நின்றுவிடும். ஆசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இடுக்கியால் பிடித்து முறுக்குவது போல வலிக்குமாம். சில சமயம் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கிவிடும். சில சமயம் இறங்காது. இறங்காமல் நாலு மணி நேரத்தைத் தாண்டினால் உள்ளே இருக்கும் தசை சாகத் தொடங்கும். டாக்டர்கள் இதற்குப் பிரியாபிசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இவர் வைத்த பெயர் பூட்டு. பள்ளிக்கூடம் போகும் வயதில் முதல் தடவை வந்தபோது, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. வீட்டில் முழங்கால் வலி என்றால் அம்மா ஓடிவருவார், முதுகுவலி என்றால் அப்பா தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். இதை மட்டும் யாரிடம் போய்ச் சொல்வது? தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதற்கு இது தண்டனை என்று நினைத்துக்கொண்டு, குளியலறைக் கதவைச் சாத்தி, பல்லைக் கடித்தபடி நிற்பாராம். வரும், போகும். இப்படியே வருடங்கள் ஓடின.

பள்ளியை முடித்து ஒரு லாரி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். ஒருநாள் விடியும்போது வந்த பூட்டு திறக்கவே இல்லை. காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டபோது லீவு என்றார். அம்மா கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தே விட்டார். "நீ சொல்ற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன். அடுப்புல பால் இருக்கு, பொங்கட்டும்."

பால் பொங்கியது. தீய்ந்த வாசனை வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார். அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டார். அப்பாவின் முகம் இருண்டுவிட்டது. "இதைப் போய் ஆஸ்பத்திரில எப்படிச் சொல்றது? கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றார். மாமனார் கெட்டவர் இல்லை. மகன் வலியால் துடித்த நாட்களில் விடிய விடியக் கால் அமுக்கிவிட்டவர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு நாக்கு எழவில்லை. என் மாமியார் அவரிடம் பதிலே பேசாமல் டாக்சி கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரே கூட்டம். கை உடைந்தவர், மூச்சு வாங்குகிறவர், காய்ச்சலில் அனத்துகிறவர் என்று பெஞ்சு நிறைந்திருந்தது. சீட்டு எழுதுகிறவர், "என்ன செய்யுது?" என்று கேட்டார். இவர் குனிந்துகொண்டு, "அடிவயிறு வலி" என்றார். "சரி, உக்காருங்க, கூப்பிடுவோம்." உட்கார்ந்தார்கள். கூப்பிடவில்லை. வயிற்றுவலிக்காரர்கள் அவருக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். மாமியார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து ஹாலின் நடுவில் போய் நின்று, சந்தையில் கூவுகிறவர் போலக் குரல் எடுத்தார்.

"என் பிள்ளைக்கு வயித்துவலி இல்ல! அவனுக்கு ஆணுறுப்பு விறைச்சு விடிகாலையிலேர்ந்து இறங்கல! அவன் அரிவாள் செல் நோயாளி! யாராவது டாக்டர் வாங்க!"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அனத்திக்கொண்டிருந்தவர்கூட அனத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம். "தரை பிளந்து என்னை முழுங்கிடக் கூடாதான்னு இருந்துச்சு" என்றார் இவர் படிக்கட்டில், சிரித்துக்கொண்டே. ஆனால் அந்தக் குரலுக்குத்தான் கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. ரத்த நோய்ப் பிரிவு டாக்டர் மாடியிலிருந்து ஓடி வந்தார்.

ஊசி வைத்து, உறைந்து நின்ற ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார்கள். மருந்து செலுத்தினார்கள். இறங்கவில்லை. கடைசியில் ஆபரேஷன் செய்து ரத்தம் வெளியேற வழி ஏற்படுத்த வேண்டியதாயிற்று. மறுநாள் டாக்டர் கட்டிலின் ஓரத்தில் வந்து நின்றார். நடுவயதுப் பெண்மணி, எதையும் சுற்றி வளைத்துப் பேசாதவர்.

"இவ்வளவு நேரம் ஏன் வீட்டிலயே இருந்தே?"

"வெக்கமா இருந்துச்சு டாக்டர்."

"முழங்கால் வீங்கினா வெக்கப்படுவியா?"

"மாட்டேன்."

"முழங்கால்லயும் அதே ரத்தம்தான், இங்கயும் அதே ரத்தம்தான். நீ எந்தத் தப்பும் செய்யல. உன்னை மாதிரி நோய் இருக்கற ஆம்பிளைங்க நிறையப் பேருக்கு இது வருது. அவங்களும் உன்னை மாதிரியே வாயை மூடிக்கிட்டு இருக்காங்க. அதான் உனக்குத் தெரியல."

"அந்தப் பேச்சைக் கேட்டப்பதான் முதல்முறையா அழுதேன்" என்றார் இவர். வலிக்கு அழாதவர். நிறையப் பேருக்கு வருகிறது என்ற வார்த்தைக்கு அழுதிருக்கிறார்.

டாக்டர் அன்று சொன்னதை அவர் இன்றும் மந்திரம் போலச் சொல்வார். தண்ணீர் குடி. சிறுநீரை அடக்காதே. தினசரி மாத்திரையை விடாதே. மதுவைத் தொடாதே. பூட்டு விழுந்தால் சிறுநீர் கழி, தண்ணீர் குடி, வலி மாத்திரை போடு, வெந்நீரில் குளி, கொஞ்சம் நட. பனிக்கட்டி மட்டும் வைக்காதே, அரிவாள் அணுக்களுக்குக் குளிர் ஆகாது. இரண்டு மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால் யோசிக்காதே, கிளம்பி வந்துவிடு. வந்ததும் வயிற்றுவலி என்று சொல்லாதே. உள்ளதைச் சொல்.

படிக்கட்டில் இதையெல்லாம் சொல்லி முடித்தவர், "கல்யாணத்துக்கு அப்புறம் சொன்னா ஏமாத்தின மாதிரி ஆயிடும். அதான் இப்பவே சொல்லிட்டேன்" என்றார். அந்த முதல் தாமதம் அவர் உடம்பில் விட்டுப்போன குறையையும் மறைக்கவில்லை. அதைப் பற்றி எழுத மட்டும் நான் அனுமதி கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள், அது போதும்.

"ஒரு விஷயம் பாக்கி இருக்கு. நீ ரத்தப் பரிசோதனை செஞ்சுக்கணும். உன் ரத்தத்துலயும் இதோட கூறு இருந்தா, பிறக்கற குழந்தைக்கு இந்த நோய் வரலாம். அப்படி இருந்தா என்ன செய்யறதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து யோசிக்கணும். நீ வேண்டாம்னு சொன்னாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

கண்ணாடி அழுத்துகிறது என்று பொய் சொல்லி வந்த மனிதர், சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. என் மனசு அந்தப் படியிலேயே முடிவு செய்துவிட்டது. பரிசோதனையில் என் ரத்தத்தில் எதுவும் இல்லை என்று வந்தது. அண்ணன் இனிப்புப் பெட்டியோடு வந்து, "நான் அப்பவே சொன்னேன், தங்கமான மனுஷன்னு" என்றார். அவர் எப்போது சொன்னார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கல்யாணமான புதிதில் விடிகாலையில் பூட்டு விழுந்தால் அவர் எழுந்து படிக்கட்டில் ஏறி இறங்குவார். நானும் கூடவே ஏறி இறங்குவேன். தனியாக நடந்தால் மனசு கண்டதையும் நினைக்கும் என்பதால், என் கடைக்கு வந்த வாடிக்கையாளர்களைப் போல நடித்துக் காட்டிக்கொண்டே நடப்பேன். கீழ்வீட்டு அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புதுசா கல்யாணம் ஆனவங்க, இப்படிக் காலங்காத்தால சண்டை போட்டுக்கிட்டுப் படியில இறங்கலாமா?" என்று புத்தி சொன்னார். "சண்டை இல்லைங்க, வைத்தியம்" என்றேன். நம்பவில்லை. பூட்டு என்னால்தான் வருகிறதோ என்று எனக்கும் ஆரம்பத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. டாக்டரிடம் போய் நேரிலேயே கேட்டுவிட்டேன். "தூக்கத்துலதாம்மா அதிகமா வருது. நீ என்ன செய்வே?" என்று சிரித்தார். அன்றோடு அந்த உறுத்தல் போயிற்று.

இனி நான் சொல்லப் போவது, அவரை நினைத்து நான் தலை நிமிர்ந்த நாளைப் பற்றி. அன்று வண்டியில் நடந்ததெல்லாம் கண்டக்டர் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பேருந்துகளில் பெண் கண்டக்டர்கள் அப்போது குறைவு. அந்த அக்காவும் இவரும் ஒரே வண்டியில் பல மாதமாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

நல்ல வெயில் காலம். என்ஜின் சூடு காலுக்குக் கீழே கொதிக்கும். இவர் கேனைக் காலி செய்துகொண்டே ஓட்டுவார். குடித்தால் மட்டும் போதுமா, வெளியேற்ற வேண்டாமா? கடைசி நிறுத்தத்தில் ஊழியர்களுக்கென்று ஒரு கழிவறை உண்டு. அன்று அதில் பூட்டுத் தொங்கியது. நிஜப் பூட்டு. சாவி வைத்திருந்தவர் விடுப்பில் போய்விட்டார். நேரம் ஆகிவிட்டது, வண்டியை எடு என்று விசில் ஊதிவிட்டார்கள். அடக்கிக்கொண்டு எடுத்திருக்கிறார். பாதி வழியில் வலி தொடங்கிவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, கைப் பிரேக்கைப் போட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, எனக்கு அந்த நோய்ல ஒரு சிக்கல் வந்திருக்கு. ஆணுறுப்புல ரத்தம் கட்டிக்கிச்சு. இந்த வலியோட இத்தனை பேரை வச்சுக்கிட்டு நான் ஓட்டக் கூடாது. பின்னால வர்ற வண்டில எல்லாரையும் ஏத்தி விட்டுடுங்க."

"எனக்கு ஒரு நிமிஷம் மூச்சே வரல" என்றார் அக்கா என்னிடம். "அப்புறம் யோசிச்சேன். அவருக்கே சொல்ற தைரியம் இருக்கு, கேக்கற தைரியம் எனக்கு வேண்டாமா?" விசிலை ஊதி, "டிரைவருக்கு உடம்பு சரியில்ல, எல்லாரும் இறங்குங்க" என்றார். ஒருவர் மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறார். "நல்லாத்தானே நடக்கறாரு, என்ன உடம்பு?" என்று கேட்டாராம். "உங்களுக்கு வந்தா தெரியும்" என்று அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

இவர் எதிரே இருந்த துணிக்கடைக்குள் போய், கடைக்காரரிடம் கேட்டுக் கழிவறையைப் பயன்படுத்தினார். தண்ணீர் குடித்தார், மாத்திரை போட்டார், கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் மேலும் கீழும் நடந்தார். பூட்டு அசையவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார். எடுத்தவர் டைம் கீப்பர்.

"வண்டியை ஏன் நிறுத்தினீங்க? பிரேக்கா, கியரா?"

"வண்டி நல்லா இருக்கு. பழுது எனக்குத்தான்."

"என்ன பழுது?"

வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். தலைசுற்றல் என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுகேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். இவர் உள்ளதை உள்ளபடி, நோயின் பெயரோடும் உறுப்பின் பெயரோடும் சொன்னார். அங்கே போன் ஸ்பீக்கரில் இருந்தது. அறை முழுக்கக் கேட்டது. பிறகு யாரோ கெக்கலித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் போன் வழியாக இவருக்குக் கேட்டது. "மாத்து டிரைவரை அனுப்புங்க. சாவி கண்டக்டர்கிட்ட இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அக்கா எனக்குத் தகவல் சொன்னதும் கடையில் யாருடைய மூக்கிலோ மாட்டிக்கொண்டிருந்த கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நான் ஆஸ்பத்திரியை அடையும்போது அவர் சீட்டு எழுதும் இடத்தில் நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை. பின்னால் வரிசை. அவர் சொல்வது வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

"அரிவாள் செல் நோய். பிரியாபிசம். மத்தியானம் ஆரம்பிச்சது. வெந்நீர் தவிர மத்ததெல்லாம் செஞ்சு பார்த்துட்டேன், இறங்கல. ரத்தப் பிரிவு டாக்டருக்குச் சொல்லுங்க."

சீட்டு எழுதிய பெண் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. "உக்காராதீங்க, நேரா உள்ள வாங்க" என்று அவளே எழுந்து கூட்டிப்போனாள்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள், வலிக்கு ஊசி போட்டார்கள், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து ரத்தத்தை உறிஞ்சி எடுத்து மருந்து செலுத்தினார்கள். நான் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். "இறங்கிடுச்சும்மா. கத்தி வைக்க வேண்டி வரல. நேரத்தோட வந்தாரு, வந்ததும் வாயைத் திறந்து சொன்னாரு. பாதி வைத்தியத்தை அவரே செஞ்சுட்டு வந்துட்டாரு."

உள்ளே போனேன். சோர்ந்து படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும், "அந்தக் கண்ணாடியை மாட்டி முடிச்சியா, இல்லையா?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று டிப்போவில் அவர் நடக்கும் பக்கமெல்லாம் கிசுகிசு. பணிமனைப் பக்கம் யாரோ விசிலடித்தார்கள். "என்ன டிரைவரே, கம்பீரமா நிக்கறீங்க!" என்று ஒருவர் கேட்க, சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் நின்று, சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "முடிஞ்சுதா? இப்ப என்னன்னு சொல்றேன், கேட்டுக்கங்க. நாளைக்கு உங்க வீட்டுப் பிள்ளைக்கு வந்தா சிரிக்க மாட்டீங்க" என்று ஆரம்பித்து, படிக்கட்டில் எனக்குச் சொன்னதையெல்லாம் அவர்களுக்கும் சொன்னார். விசிலடித்தவர் பாதியிலேயே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

ஆனால் பயணிகளோடு வண்டியைப் பாதி வழியில் விட்டதற்கு விளக்கம் கேட்டு மேலாளர் கூப்பிட்டார். அவரும் மரியாதையான மனிதர்தான். விஷயம் கூச்சமானது என்று எழுந்துபோய்க் கதவைச் சாத்தப் போனார்.

"கதவு திறந்தே இருக்கட்டும் சார். சாத்திட்டுப் பேசினா நான் ஏதோ தப்புப் பண்ணின மாதிரி இருக்கும்" என்றார் இவர்.

கதவு திறந்தே இருந்தது. வெளியே ஓய்வறையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்து நின்றார்கள்.

"சார், அன்னைக்கு அந்தக் கழிவறை திறந்திருந்தா இந்தச் சிக்கலே வந்திருக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். இது எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அடக்கி வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எங்களை அடக்கி வச்சுக்கிட்டுத்தான் ஓட்டச் சொல்றீங்க. கடைசி நிறுத்தத்துல கழிவறை திறந்திருக்கணும், போயிட்டு வர நேரமும் கொடுக்கணும். நான் சலுகை கேக்கல. எல்லாருக்கும் கேக்கறேன்."

மேலாளர் பதில் சொல்லும் முன் வாசலில் நின்ற வயசான டிரைவர் ஒருவர், "எனக்குச் சிறுநீரகக் கல்லு சார். தண்ணி குடிச்சா போகணுமேன்னு குடிக்கறதே இல்ல" என்றார். இன்னொருவர் சர்க்கரை நோய் என்றார். இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள், ஒருவர் கஷ்டம் ஒருவருக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறார்கள்.

கடைசியாகக் கண்டக்டர் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஆம்பிளைங்க அவசரம்னா எங்கயாவது ஒதுங்கிக்கறீங்க. நாங்க எங்க சார் போறது? காலையில வேலைக்குக் கிளம்பறப்பவே வாயைக் கட்டிக்கிட்டுத்தான் வர்றோம். மாசத்துல சில நாள் நாங்க படற பாட்டைச் சொல்லவே வேண்டாம். அவரு அவரோட நோயை வெளிப்படையா சொன்னாரு. அதான் எனக்கும் வாய் வந்துச்சு."

மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, கழிவறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தாராம்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. கழிவறைப் பூட்டை மறுநாளே எடுத்துவிட்டார்கள், அதற்கு ஒன்றும் செலவில்லையே. குடிதண்ணீர்க் குழாயும் பெண்களுக்குத் தனி அறையும் வர மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. நேர அட்டவணையில் ஓய்வைச் சேர்க்க இன்னும் இழுத்தடித்தார்கள், இவரும் விடாமல் அலைந்தார். வண்டியைப் பாதி வழியில் விட்டதற்காக அவருக்கு எழுதிக் கொடுத்த எச்சரிக்கையை மட்டும் கடைசிவரை திரும்பப் பெறவில்லை. அதில் எனக்கு இன்றும் கோபம்தான். "இருந்துட்டுப் போகட்டும் விடு, அதை வச்சு யாரும் பஸ் ஓட்டப் போறதில்ல" என்பார் அவர்.

பெண்கள் அறை திறந்த அன்று அக்காவும் வேறு சில கண்டக்டர் பெண்களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இவர் வேலையிலிருந்து வரவில்லை. வரும்வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போவோம் என்று கூடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இவருக்கு வெட்கம் வந்துவிட்டது. ஊரறிய நோயைச் சொன்னபோது வராத வெட்கம், நாலு பெண்கள் எழுந்து நின்றதும் வந்தது. சமையலறைக்குள் ஓடி, டீ போடுகிறேன் என்று சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொண்டுவந்தார். அவர்கள் முகம் சுளிக்காமல் குடித்தார்கள்.

இந்த வருடம் ஆஸ்பத்திரியில் அரிவாள் செல் குடும்பங்களுக்கான கூட்டத்தில் பேசச் சொல்லி டாக்டர் அவரைக் கேட்டார். பிள்ளைகளுக்குத்தான் பேச வேண்டும் என்று டாக்டர் நினைத்திருந்தார். "பிள்ளைங்களுக்கு நீங்க சொல்லுங்க டாக்டர். நான் அப்பாக்கள்கிட்ட பேசறேன்" என்றார் இவர்.

மாடிக் கூட்ட அறையில் அப்பாக்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். இவர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க பையனுக்கு இது வந்திருக்கலாம், உங்களுக்குத் தெரியாம இருக்கலாம்" என்றுதான் ஆரம்பித்தார். செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

முடிவில் பின்வரிசையில் இருந்த ஒருவர், தச்சர் போல, சட்டையில் மரத்தூள் ஒட்டியிருந்தது, தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா பையன்கிட்ட இதை எப்படிக் கேக்கறது? வாய் வர மாட்டேங்குதே."

"முழங்கால் வலிக்குதான்னு கேப்பீங்கல்ல?"

"கேப்பேன்."

"அதே மூச்சுல இதையும் கேளுங்க. முழங்கால் எப்படி இருக்கு, முதுகு எப்படி இருக்கு, கீழ எப்படி இருக்கு. குரலை இறக்காதீங்க. நீங்க குரலை இறக்கினா, அது இறக்கிப் பேச வேண்டிய விஷயம்னு அவன் நினைச்சுக்குவான். முதல் தடவை அவன் பதில் சொல்ல மாட்டான். பரவால்ல. உங்ககிட்ட சொல்லலாம்னு அவனுக்குத் தெரிஞ்சா போதும்."

தச்சர் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். முழங்கால், முதுகு, கீழே. பக்கத்தில் இருந்தவரும் சொல்லிப் பார்த்தார்.

இவர் மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்து, "இப்ப எனக்கு அவசரம், போயிட்டு வரேன். அடக்கக் கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லிட்டு நானே அடக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார். அறையே கொல்லென்று சிரித்தது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னைக் கடந்து போனார். அவர் பின்னால் ஓர் அப்பா எழுந்தார், இன்னோர் அப்பா எழுந்தார், பிறகு ஒரு வரிசையே எழுந்து போயிற்று. கதவைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்கும் நான்தான் வழி விட்டேன்.